சுவடி தேடிய கால்கள்

அரியலூர் என்றதும் எது நினைவுக்கு வருகிறது, தோழரே? 1956 நவம்பரில் மருதையாற்றில் ரயில் கவிழ்ந்த துயரம். சுண்ணாம்புக்கல் குழி. சிமெண்டுத் தூசி. பெரம்பலூர் என்றால் மழையை நம்பிக் கிடக்கும் மானாவாரிக் காடு. ஆனால், தமிழரின் தொலைந்துபோன செல்வத்தை மீட்டுவந்த ஒருவர், எழுத்தெண்ணிப் படித்தது இந்த மண்ணில்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நன்றி மறந்த செயல் ஆகும். உ.வே.சாமிநாத அய்யரைத்தான் சொல்கிறேன்.

அவர் அய்யராயிற்றே, அவர் கதை நமக்கு எதற்கு என்று முணுமுணுக்கும் தோழர் எல்லாக் கிளையிலும் ஒருவர் இருப்பார். பிறப்பை வைத்து மதிப்பிடாதே என்று மேடை மேடையாகப் பேசுகிறவர்கள் நாம். அதை நமக்கு வசதியான இடத்தில் மட்டும் பேசினால் போதுமா?

1855 பிப்ரவரி 19-ல் தஞ்சைத் தரணியில் உத்தமதானபுரத்தில் பிறந்தார். தந்தை வேங்கடசுப்பய்யர் இசைவாணர். பாட்டும் இராமாயணப் பிரசங்கமுமே சோறு. எந்த ஊரார் ஆதரிப்பார்களோ அந்த ஊருக்குக் குடும்பம் மூட்டை கட்டும். அப்படி அலைந்ததில் அரியலூர் வந்தது, குன்னம் வந்தது, கார்குடி வந்தது, செங்கணம் வந்தது. ஊர் மாறினாலும் பையன் பாடத்தை விடவில்லை. அரியலூரில் சடகோப அய்யங்கார் தமிழ்ச் சுவை ஊட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடல், கார்குடியில் கஸ்தூரி அய்யங்காரிடம் நன்னூல், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம். அய்யங்கார், பிள்ளை, ரெட்டியார்! தமிழ் தெரிந்தவர் எவரோ அவரே ஆசான்.

உறவினர்கள் சும்மா இருந்தார்களா? இங்கிலீஷ் படித்தால் இம்மைக்குப் பயன், வடமொழி படித்தால் மறுமைக்குப் பயன், தமிழ் எதற்கு ஆகும் என்று இடித்துரைத்தார்கள். தந்தைக்கோ மகன் இசை கற்க வேண்டும் என்ற ஆசை. பையன் அசையவில்லை. 1871-ல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். 1876-ல் ஆசிரியர் கண்மூடும் வரை நிழலாய் இருந்தார். 1880-ல், அதே ஆசிரியரின் முந்தைய மாணவர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, கும்பகோணம் கல்லூரியில் அவருடைய நாற்காலி இவருக்குக் கிடைத்தது. வறுமை ஒருவாறு தீர்ந்தது. அத்தோடு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம்.

அந்த அக்டோபரில்தான் அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தார் சேலம் இராமசாமி முதலியார். இளம் ஆசிரியர் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர் என்று கேட்டார் முதலியார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று இவர் அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை! இவற்றால் என்ன பயன், சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை உண்டா, சிலம்பு உண்டா என்றார். ஒன்றும் இல்லை. பத்தாண்டுக்கு மேல் தமிழே உயிரென்று கற்றவருக்கு அன்று எப்படி இருந்திருக்கும்! கோபித்துக்கொண்டு திரும்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் ஏட்டை வாங்கிக்கொண்டார்.

ஏடு கைக்கு வந்ததே தவிரப் பொருள் வரவில்லை. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள், அதற்கு நச்சினார்க்கினியர் உரை. உரையிலோ பெயரே கேள்விப்படாத நூல்களின் மேற்கோள்கள். அது சமண நூல். சைவ மடத்தில் வளர்ந்தவருக்கு அந்தச் சமயச் சொற்கள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். அவர்களோ சிந்தாமணியைப் பாராயணம் செய்துகொண்டிருந்தார்கள்! உட்கார்ந்து கேட்டார், ஐயம் தீர்த்துக்கொண்டார். சைவர் சமண நூலை அச்சிடுவதா என்று ஒரு கூட்டம் ஏசியது. தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் சி.வை.தாமோதரம் பிள்ளை, சிந்தாமணியைத் தம்மிடம் தந்துவிடும்படி கேட்டார். தந்திருந்தால் சுமை இறங்கியிருக்கும். மறுத்தார். கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டினார், கடன்பட்டார். 1887-ல் சிந்தாமணி வெளிவந்தது. ஏழாண்டு உழைப்பு, ஒரே ஒரு நூல்!

அந்த உழைப்பு எப்படிப்பட்டது தெரியுமா? ஏட்டில் புள்ளி இருக்காது. மெய்யா உயிர்மெய்யா, நெடிலா குறிலா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதே புலப்படாது. செல்லரித்த இடம் வேறு. பத்துப் படிகளை வைத்து அடி அடியாக ஒப்பிட்டு, சொல்லுக்குச் சொல் அகராதி எழுதி, அதன் பிறகே அச்சுக்கூடம். கல் உடைக்கிற தோழருக்கு இந்த வேலை புரியும். ஓர் அடியில் பாறை பிளப்பதில்லை. எத்தனையாவது அடியில் பிளக்கும் என்று யாரும் சொல்லிவிட முடிவதுமில்லை.

ஒன்று முடிந்ததும் அடுத்தது. 1889-ல் பத்துப்பாட்டு. 1892-ல் சிலப்பதிகாரம். 1894-ல் புறநானூறு. 1898-ல் மணிமேகலை. 1903-ல் ஐங்குறுநூறு, 1904-ல் பதிற்றுப்பத்து. இடையே வகுப்புப் பாடம் உண்டு. விடுமுறை வந்தால் சுவடி தேடி ரயில், வண்டி, நடை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் உண்டென்று கேள்விப்பட்டு ஆவலோடு போனார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் ஆகுதி செய்துவிட்டோம், ஆகமம் அப்படித்தான் சொல்கிறது என்றார்கள். அதில் வெந்தது எந்தப் புலவன் பாட்டோ! தமிழைத் தீயிலிட்ட பகைவன் எவனும் கடல் தாண்டி வரவில்லை. பக்தியோடு, மந்திரத்தோடு, நம் கோயிலிலேயே எரித்திருக்கிறார்கள். அந்தச் செய்தியை மறைக்காமல் எழுதிவைத்தவரும் அந்த அய்யர்தான். அதற்காகவே அவரை ஒருமுறை கூடுதலாக வணங்கலாம்.

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார், 1919-ல் ஓய்வு பெற்றார். ஓய்வென்பது கல்லூரிக்கு மட்டும். பரிபாடல் 1918, குறுந்தொகை 1937. குறுந்தொகை வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு. 1932-ல் சென்னைப் பல்கலைக் கழகம் டாக்டர் பட்டம் தந்தது. அதற்காக ஏட்டைக் கீழே வைத்தாரில்லை. 1940-ல் தன் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார்.

உலகப் போர் நெருங்கியது, குண்டு விழுமென்று சென்னை காலியாயிற்று. திருக்கழுக்குன்றம் போய்ச் சேர்ந்த முதியவர், 1942 ஏப்ரல் 28-ல் அங்கேயே மறைந்தார். தன் வரலாறு பாதியில் நின்றது. மறு ஆண்டே அவர் பெயரில் சென்னையில் நூலகம் எழுந்தது. அவர் தேடிச் சேர்த்த சுவடிகள் அங்கே இருக்கின்றன. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் அவர் கைக்கு எட்டவே இல்லை. புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் இன்றும் கிடைக்கவில்லை.