உளநலத் தொண்டர் பியர்ஸ்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைச் சரிவில் ஏறிச் செல்வோர், போடிமெட்டை நெருங்குங்கால் சில நாட்களில் பனிமூட்டத்தில் அகப்படுவதுண்டு. முன்னே பாதை இருக்கும். ஆயினும் கண்ணுக்குப் புலப்படாது. நன்கு அறிந்த மரமும் அறியாத உருவம் போலத் தோன்றி அச்சுறுத்தும். அவ்வேளையில் வழி தெரியாது நிற்பவனை எவரும் இகழார்; கைப்பற்றி அழைத்துச் செல்வர். மாந்தர் உள்ளத்திலும் இத்தகைய மூட்டம் கவிவதுண்டு. அதனையே மனநோய் என்கிறோம். ஆனால் அம்மூட்டத்தில் அகப்பட்டவரை உலகம் கைப்பற்றி அழைத்ததா? நெடுங்காலம் அவரைப் பித்தர் என்று இகழ்ந்தது, பேய் பிடித்தவர் என்று அஞ்சியது, சங்கிலியால் பிணைத்தது. அந்நிலையை மாற்றப் பாடுபட்டவருள் ஒருவர், தாமே மூன்றாண்டுக் காலம் மனநோயில் உழன்று மீண்டவர். அவரே கிளிபர்டு பியர்ஸ்.

பியர்ஸ் 1876ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள், அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நியூ ஹேவன் நகரில் பிறந்தார். அந்நகரிலுள்ள யேல் பல்கலைக் கழகத்தில் பயின்றார். அக்கழகத்தின் பெயருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராய் விளங்கிய எலிகு யேல் என்பார், பிற்காலத்தில் அக்கல்லூரிக்குப் பொருளுதவி செய்தார். அதனைப் போற்றி 1718இல் கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

பியர்ஸ் கல்லூரி மாணவராய் இருந்த காலத்தில், 1894இல், அவர்தம் தமையனார் ஒருவருக்கு வலிப்பு நோய் கண்டது. அந்நோய் தம்மையும் பற்றிக்கொள்ளுமோ என்னும் அச்சம் தம்பியின் நெஞ்சில் முளைத்தது. வகுப்பில் எழுந்து பாடம் ஒப்புவிப்பதும் அவருக்கு நடுக்கம் தந்தது. ஆயினும் அரிதின் முயன்று 1897இல் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கு நகரில் வாணிகப் பணியில் அமர்ந்தார். புறத்தே நோக்கியவர்க்கு அவர் பட்டமும் பணியும் பெற்ற நல்லிளைஞராகவே தோன்றினார். அகத்தே அச்சம் நாளும் வளர்ந்துகொண்டிருந்தது. 1900ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அது கரை கடந்தது. அவர் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். நல்லூழால் காயங்களோடு பிழைத்தார்.

அதன்பின் அவர் அறிவில் பெருங்குழப்பம் சூழ்ந்தது. தாம் குற்றவாளி என்றும், காவலர் தம்மை மறைந்திருந்து நோக்குகின்றனர் என்றும் நம்பினார். தம்மைக் காண வந்த உறவினரையும், உறவினர் போல் வேடம் பூண்ட ஒற்றர் என்றே கருதினார். ஆகவே இரண்டாண்டுக்கு மேலாக அவர் பெரும்பாலும் வாய் திறவாது இருந்தார். தனியார் மருத்துவ மனைகள் இரண்டிலும் அரசு மருத்துவ மனை ஒன்றிலும் அவர் மாறி மாறி வைக்கப்பட்டார்.

அக்குழப்பம் அகலத் தொடங்கிய நிகழ்ச்சி நெஞ்சை உருக்குவது. உள்ளே ஒரு மூலையில் அவர் அறிவு விழித்தே இருந்தது. தம்மைக் காண வருபவர் மெய்யாகவே தமையனாரா, ஒற்றரா என்று ஆராய்ந்து அறிய அது வழி தேடியது. தமையனார் ஜார்ஜுக்கு ஒரு கடிதம் எழுதி, நேரில் வரும்போது அக்கடிதத்தைக் கையில் கொண்டு வருமாறு வேண்டினார் பியர்ஸ். ஒற்றனாயின் அக்கடிதம் அவன் கைக்கு எட்டியிராது என்பது அவர் கருத்து. 1902ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் ஜார்ஜ் வந்தார். அவர் கையில் அக்கடிதம் இருந்தது. அதனைக் கண்ட அளவில், ஈராண்டாக நெஞ்சை அழுத்திய ஐயம் நீங்கியது. தம்பி மீண்டும் தமையனைத் தமையனாகக் கண்டார்.

ஆயினும் நோய் முழுவதும் நீங்கிற்றில்லை. அளவு கடந்த சோர்வு போய், அளவு கடந்த கிளர்ச்சி வந்தது. ஓயாது பேசினார், ஓயாது எழுதினார். அதனை அடக்குவதற்குப் பணியாளர் கையாண்ட முறைகள் கொடியவை. கைகளை உடலோடு சேர்த்துக் கட்டும் முரட்டுச் சட்டையை அணிவித்து, இரவு பல அவரை அசையவொட்டாது கிடத்தினர். குளிர் மிகுந்த சிற்றறையில் அடைத்தனர், அடிக்கவும் செய்தனர்.

நம் வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்து, மருத்துவம் நான்கு கூறுகளால் ஆவது என்று காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் ஆகியன அந்நான்கு. பியர்ஸ் வைகிய இடங்களில் மருத்துவர் இருந்தனர்; மருந்தும் இருந்தது. உடனிருந்து பணி செய்வோரிடத்து அன்பு இல்லை. நோயுற்றவரோ, சொல் மதிக்கப்படாத நிலையில் இருந்தார். அவர் மெய்யே கூறினும், பித்தர் சொல் என்று தள்ளினர். நான்கு கூறுகளில் இரண்டு பழுதுபட்டால் மருத்துவம் எவ்வாறு முழுமை பெறும்?

அக்குறையைத் தீர்ப்பதே தம் வாழ்வின் கடன் என்று பியர்ஸ் உறுதி பூண்டார். மிகக் கடுமையாக நடத்தப்படும் நோயாளிகளின் பகுதிக்குத் தம்மை மாற்றும்படி தாமே செய்துகொண்டு, அங்கு நிகழ்வனவற்றைக் கண்டறிந்தார். கண்டவற்றை மாநில ஆளுநருக்கு எழுதினார். 1903 செப்டம்பரில் நலம் பெற்று வெளிவந்ததும், பட்டவற்றை நூலாக எழுத எண்ணினார். மனநோயாளராய் இருந்ததை மறைத்துவிடின் வாணிகத்தில் உயர்ந்து வளமாய் வாழலாம். வெளியிட்டாலோ ஊரார் நகைப்புக்கு ஆளாக நேரிடும். அவர் இரண்டாம் வழியையே தெரிந்துகொண்டார். ஆர்வர்டு பல்கலைக் கழகத்து உளவியல் பேரறிஞர் வில்லியம் ஜேம்ஸ் அந்நூலைக் கையெழுத்துப் படியிலேயே படித்துப் பாராட்டினார். 1908இல் நூல் வெளிவந்தது. முன்பு எவரும் செவி கொடாத சொல்லை இப்போது அறிஞர் உலகம் அமர்ந்து கேட்டது.

நூலோடு அவர் பணி நிற்கவில்லை. அவ்வாண்டே கனெக்டிகட்டில் உளநலக் கழகம் ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டு, 1909இல், நாடு தழுவிய குழுவை அமைத்தார். அவர் பயின்ற யேல் பல்கலைக் கழகம் 1922இல் அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கிப் பெருமை செய்தது. பாடம் ஒப்புவிக்க அஞ்சிய மாணவரிடம் அப்பல்கலைக் கழகமே பாடம் கேட்டது எனலாம். 1930இல் வாஷிங்டன் நகரில் கூடிய முதல் அனைத்துலக உளநல மாநாட்டில் பல நாட்டு அறிஞர் பங்கு கொண்டனர். அம்முயற்சியின் வழிவந்த உலக உளநலக் கூட்டமைப்பு 1948இல் தோன்றியது. அக்டோபர் 10ஆம் நாளை உலக உளநல நாளாகக் கொண்டாடும் வழக்கத்தை 1992இல் தொடங்கியதும் அக்கூட்டமைப்பே.

முதுமையில் நோய் பியர்ஸை மீண்டும் தொட்டது. அவர் நாணினாரல்லர். 1939இல் தாமே மருத்துவ மனையை நாடிச் சேர்ந்தார். அங்கேயே 1943 ஜூலை 9ஆம் நாள் மறைந்தார். அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, மனநோய் மனைகளில் மனிதரைப் பிணித்திருந்த சங்கிலிகளை உருக்கி, 300 ராத்தல் எடையுள்ள மணி ஒன்றை வார்த்தனர் அமெரிக்க உளநலக் கழகத்தார்.

மாணவர்களே! சங்கிலி வேற்று நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் தமிழகத்து ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் குடிசையொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப வழியின்றித் தவித்தனர். 28 உயிர்கள் மாண்டன. மனநோயாளரைச் சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துள்ளது. உயிரை மாய்க்க முயன்றவரைத் தண்டனைக்கு உரியவராகக் கொள்ளாது, பெருந்துயரில் அழுந்தியவராகக் கொள்ள வேண்டும் என்றும் அது கூறுகிறது.

சட்டம் இரும்புச் சங்கிலியை அறுக்கும். இழிசொல்லாகிய சங்கிலியை நாம்தாம் அறுத்தல் வேண்டும். நும் தோழன் ஒருவன் பல நாள் உறக்கமின்றி, உணவு வேண்டாது, பேச்சொழிந்து ஒதுங்கி இருப்பானாயின் அவனை எள்ளாதீர். அருகிருந்து கேளுங்கள். ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ அழைத்துச் செல்லுங்கள். அச்சம் நும் நெஞ்சையே வருத்துமாயினும் மறைக்காது உரையுங்கள். 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் உளநல ஆலோசனை பெறலாம். போடிப் பகுதியினர்க்குத் தேனி மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவ மனை க.விலக்கில் உள்ளது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாட நாம் நாணுவதில்லை. உள்ளத்து நோய்க்கும் அவ்வாறே நாணாதிருத்தல் அறிவுடைமை.

பியர்ஸின் இருளைப் போக்கத் தொடங்கியது அரிய மருந்தன்று. ஒரு கடிதமும், அதனைச் சொன்னவாறே கையில் ஏந்தி வந்த தமையனும் ஆம்.