பாரதியார் கற்ற பிரெஞ்சு

தென்காசியினின்று குற்றாலத்து மலையை மேற்கே கண்டவண்ணம் அம்பாசமுத்திரச் சாலையிற் செல்வோமாயின் கடையம் தோன்றும். சுப்பிரமணிய பாரதியாரின் மனைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர் அது.

1882-இல் எட்டயபுரத்திற் பிறந்த பாரதியார் நெல்லையிலும் காசியிலும் பயின்றாரெனினும் சர்வகலாசாலைப் பட்டம் பெற்றாரல்லர். 1908-இல் ஆங்கில அரசாங்கத்தின் பிடிக்குத் தப்பி, அந்நாளிற் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். வறுமையும் ஒற்றர் தொல்லையும் சூழ்ந்த பத்தாண்டுகளில் அவ்வாட்சியினரின் பாஷையைக் கற்றார். பிரான்சின் தேசிய கீதத்தைத் தமிழிற் பெயர்த்தும் தந்தார். பரீட்சைக்கென்றே பாஷை பயிலும் நமக்கு இது சிறிது நாணந் தருவதே!

1918 நவம்பரில் புதுச்சேரியை நீங்கியவர் கடலூரருகே கைதாகி, விடுதலையுற்றுக் கடையம் சேர்ந்தார். 1920 வரை அம்மலையடிவாரமே அவருக்கு இருப்பிடம். பின்னர் சென்னை சென்று 1921 செப்டம்பரில் மறைந்தார்.