அளவை கண்ட அறிஞர் விற்வேர்த்

மாத்திரைக் கணக்கிலே அரைக்கும் காலுக்கும் வழக்காடுவது எங்கள் தொழில். ஆதலின், ஓர் அங்குலத்தைப் பத்து இலட்சங் கூறாக்கி அளந்த யோசப் விற்வேர்த்தின் வரலாற்றைக் கற்றபோது, பொறிநூல் பயிலாத எனக்கும் அவர் அயலவராகத் தோன்றவில்லை.

இங்கிலாந்தின் ஸ்ரொக்போட் நகரில், 1803ஆம் ஆண்டில், ஓர் ஆசிரியரின் மைந்தராய் அவர் பிறந்தார். பதினான்கு வயதில் உறவினரொருவரின் பஞ்சாலையில் தொழில் பழகினார். நூலினும் நூற்கும் பொறிகளே அவர் நெஞ்சைக் கவர்ந்தன. 1825இல் இலண்டனுக்குச் சென்று, ஹென்றி மோட்ஸ்லேயின் பட்டறையிற் கைத்திறன் முதிர்ந்து, 1833இல் மஞ்செஸ்ரரிலே சொந்தப் பட்டறை நிறுவினார். திருகாணிகளின் புரிகளுக்கு ஒரே முறை வகுத்து 1841இல் வெளியிட்டார். அதுவரையும் பட்டறைக்கொரு புரி வழங்கிற்று. ஒருவன் செய்த ஆணி மற்றொருவன் செய்த சுரையிற் பொருந்தாது.

அவருடைய அளக்கும் பொறி வியப்புக்குரியது. அங்குலத்துக்கு 20 புரியுள்ள திருகு, அதனைச் சுழற்றும் 200 பற்சக்கரம், அதனை இயக்கும் 250 கூறிட்ட வட்டு: மூன்றையும் பெருக்கினாற் பத்து இலட்சம் வரும். கண்ணை அவர் நம்பவில்லை; தொடுகையையே நம்பினார்.

1854இல் துப்பாக்கி செய்யும் பொறிகளை அமைத்துத் தருமாறு அரசு அவரை வேண்டியது. நல்ல துப்பாக்கி எதனால் நல்லதாகின்றது என்பதை முதலில் ஆராய வேண்டுமென்றார் அவர். அதற்கென அவர் இல்லத்தருகே 500 யார் நீளமான சுடுகூடம் எழுந்தது. அக்காலத்து என்பீல்ட் துப்பாக்கியின் குழல்விட்டம் 0.577 அங்குலம். வாய்வழியே இடப்படும் குண்டு குழலினுஞ் சிறிது குறைந்திருத்தல் வேண்டும். மிகக் குறைந்தாலோ வெடிவாயு பக்கவழியே கசியும்; குண்டும் நெறி பிறழும். 0.5770 அங்குலத் துளையுடைய வளையம் ஒன்றையும் இரண்டு உருளைகளையும் விற்வேர்த் காட்டுவார். 0.5770 அங்குல உருளை எண்ணெயிட்டு மெல்லச் செலுத்தினாலன்றிப் புகாது, 0.5769 அங்குல உருளையோ தளர்ந்து ஆடும். பத்தாயிரத்தில் ஒரு கூறு! விரல் அறியும் அவ்வேறுபாட்டைச் சாதாரண அளவுகோல் அறியாது. குண்டின் விட்டத்தை அளக்கப் புகுவோர் யாவரும் இவ்வுருளைகளை நினைத்தல் தகும்.

அவர் சமைத்த துப்பாக்கியின் குழல் அறுகோணமானது, குறுக்களவு 0.451 அங்குலம், 20 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு. குண்டும் அவ்வடிவினதே. 1857இல் ஹைத் என்னுமிடத்து நிகழ்ந்த சோதனையில் அது என்பீல்டைப் பெரிதும் விஞ்சியது. 1860இல் விம்பிள்டனிலே, தாங்கியிற் பொருத்திய அத்துப்பாக்கியால் விக்ரோறியா மகாராணியார் 400 யாரிலிருந்து சுட்ட குண்டு, இலக்கின் நடுவிலிருந்து ஒன்றேகால் அங்குலத்திற் பட்டது.

எனினும் படைத்துறை அதனை ஏற்கவில்லை. விலை அதிகம்; நுண்ணிய குழலில் வெடிமருந்தின் கரி விரைந்து படியும். சேற்றில் நிற்கும் போர்வீரனை எண்ணினால் அம்மறுப்பு முற்றும் மூடத்தனமென்று என்னாற் சொல்ல முடியவில்லை. அத்துப்பாக்கிகள் சில கடல்கடந்து அமெரிக்க உள்நாட்டுப் போரிலே தென்னாட்டார் கைக்குச் சென்றன. 1864இல் வடபடைத் தளபதி செட்ஜ்விக்கைத் தொலைவிலிருந்து வீழ்த்தியது அவற்றுள் ஒன்றே என்பர் பலர். அளவின் நுட்பம் இலக்கு யாரென்று கேட்பதில்லை. இவ்விடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கலங்கும்.

1868இல் இளம் பொறியியலாளர்க்கு ஆண்டுதோறும் 100 பவுண் வீதம் 30 புலமைப்பரிசில்களை அவர் நிறுவினார். ஏட்டறிவோடு கைத்திறனும் உடையோர்க்கே அவை உரியன என்று விதித்தார். 1887 தை 22ஆந் திகதி மொன்ரே காளோவில் உயிர்நீத்த அவருடல், டாபிசயரின் டாளி டேலில் அடக்கஞ் செய்யப்பட்டது.