கரித்துண்டு பிடித்த கை

திருவனந்தபுரத்திற்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் கிளிமானூர் என்றோர் ஊர் உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு மண உறவு கொண்ட ஒரு பழைய குடும்பத்தின் அரண்மனை அங்கே உள்ளது. 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் அவ்வரண்மனையில் பிறந்தவர்தாம் ஓவியர் ரவிவர்மா. தந்தையார் எழுமாவில் நீலகண்ட பட்டதிரிப்பாடு வடமொழியில் தேர்ந்தவர். தாயார் உமாம்பா பாய் பாட்டுப் புனையும் ஆற்றல் வாய்ந்தவர். பார்வதி சுயம்வரம் என்னும் துள்ளல் பாட்டு அவர் இயற்றியதே. கதகளியும் புராணக் கதையும் நாள்தோறும் காதில் விழும் வீடு அது.

அந்த வீட்டின் வெள்ளைச் சுவர்கள்தாம் ரவிவர்மாவின் முதல் வரைபலகை. அடுப்புக் கரியை எடுத்துக்கொண்டு யானை, குதிரை, வேலைக்காரர், வீட்டார் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சுவரில் வரைந்து வைப்பாராம். சுண்ணாம்பு அடித்த சுவரைக் கரியாக்கினால் எந்த வீட்டிலும் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கும் பணியாட்கள் முறையிட்டார்கள். ஆனால் தாய்மாமன் ராஜராஜ வர்மா சுவர் கெட்டதைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார். அவரும் ஓவியரே. தஞ்சாவூர்ப் பாணிப் படங்கள் எழுதத் தெரிந்தவர். ஒருநாள் அவர் பாதியில் விட்டுச் சென்ற படத்தில் ஒரு பறவையைச் சிறுவன் எழுதி வைத்துவிட்டான் என்றும், திரும்பி வந்த மாமன் கோபிக்காமல் மகிழ்ந்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், மருமகனைப் பக்கத்தில் இருத்தி முறையாகக் கற்றுக் கொடுக்கத் தொடங்கியவர் அந்த மாமன்தான்.

அக்காலத்தில் ஓவியம் பழகுவது எவ்வளவு மெதுவான வேலை என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். கடையில் போய் வண்ணப் பெட்டி வாங்கிவர இயலாது. செம்மண்ணையும் இலைகளையும் பூக்களையும் மரப்பட்டைகளையும் அரைத்தும் காய்ச்சியும் நிறம் எடுக்க வேண்டும். பிறகு கோடு. முதலில் தனித்தனி உறுப்புகள், பின் முழு உருவம், அதன்பின் ஆடையின் மடிப்பு என்று படிப்படியாகப் போக வேண்டும். பிழையான இடத்தை ஆசிரியர் திருத்துவார், மாணவன் மீண்டும் எழுதுவான். கை விரல்கள் சரியாக அமைவதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று வரைபவர் எல்லாரும் சொல்வர். ரவிவர்மாவின் படங்களில் கைகளை மட்டும் தனியே பார்த்தாலே அவர் எத்தனை முறை அவற்றை எழுதிப் பழகியிருப்பார் என்பது விளங்கும். வீணை நரம்பில் பதியும் விரலும், கூந்தலில் பூச்சூடும் விரலும் ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

1862-இல், பதினான்கு வயதில், மாமன் அவரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்றார். அப்போது ஆட்சி செய்தவர் ஆயில்யம் திருநாள் மகாராஜா. கலைகளில் பெரும் ஈடுபாடு கொண்ட மன்னர் சிறுவனின் படங்களைக் கண்டு, அங்கேயே தங்கிப் பழகும்படி ஏற்பாடு செய்தார். ஐரோப்பிய ஓவியங்கள் அடங்கிய நூல்களைப் பார்க்கும் வாய்ப்பும் அங்கே கிட்டியது. சென்னையில் 1850-இலேயே டாக்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி இருந்தது. ரவிவர்மா அதில் சேரவில்லை. அவருடைய பள்ளிக்கூடம் அரண்மனைதான்.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு கதவு சாத்தியிருந்தது. நீர்வண்ணம் அவருக்குக் கைவந்துவிட்டது. எண்ணெய் வண்ணமோ நம் நாட்டிற்குப் புதியது. அதைக் கையாளத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்தில் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் மதுரையைச் சேர்ந்த ராமசுவாமி நாயக்கர், அரண்மனை ஓவியர். ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தின் நுணுக்கத்தைக் கற்க விரும்பியபோது நாயக்கர் சொல்லித்தர இணங்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

இவ்விடத்தில் நாயக்கரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தொழிலால் வாழ்ந்தவர். அவருடைய சோறு அந்த நுணுக்கத்தில்தான் இருந்தது. எதிரே வந்து நின்றவனோ அரச குடும்பத்து உறவினன், மன்னரின் அன்பைப் பெற்றவன், திறமையும் மிக்கவன். தெரிந்ததையெல்லாம் கொடுத்துவிட்டால் நாளை தமக்கு என்ன மிஞ்சும் என்று அவர் அஞ்சியிருக்கலாம். நம் ஊர்களிலும் நாட்டு வைத்தியர் மருந்தின் பெயரைச் சொல்லாமல் பொட்டலம் மட்டும் கொடுப்பதுண்டு அன்றோ?

நாயக்கரிடம் தொழில் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவர் வேறு விதமாக நடந்துகொண்டார். குருவுக்குத் தெரியாமல் அவர் ரவிவர்மாவுக்கு எண்ணெய் வண்ணத்தின் முறைகளைக் காட்டிக் கொடுத்தார் என்பர். தெரிந்திருந்தால் அவருடைய பிழைப்பு என்னவாகியிருக்கும்? ரவிவர்மாவைப் பற்றிய நூல்களில் அவருக்குக் கிடைத்த இடம் ஒன்றிரண்டு வரிகள்தாம்.

எண்ணெய் வண்ணத்தில் அப்படி என்ன ரகசியம் என்று சில தோழிகள் கேட்கக்கூடும். நீர்வண்ணம் சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும். வெளிச்சமான இடத்திற்கு வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும், மேலே பூசிய பிறகு திருத்துவது கடினம். எண்ணெய் வண்ணம் ஆளி விதை எண்ணெயில் குழைக்கப்படுவது. உலர நாட்கள் ஆகும். அதனால் ஒரு நிறத்தை அடுத்த நிறத்தோடு மெல்லக் கலக்கலாம். கன்னத்தின் வெளிச்சம் கழுத்தின் நிழலாக மாறுவது தெரியாமலே மாற்றலாம். தவறினால் துடைக்கலாம், மேலேயும் எழுதலாம். ஆனால் எந்தப் பூச்சில் எவ்வளவு எண்ணெய் என்ற கணக்கு உண்டு. அடிப்பூச்சில் எண்ணெய் மிகுந்து மேற்பூச்சில் குறைந்தால் காலப்போக்கில் படம் வெடிப்பு விடும். இந்தக் கணக்கு படத்தைப் பார்த்தால் தெரியாது. கலப்பவர் கையைப் பார்த்தால்தான் தெரியும்.

1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவப்படம் எழுதத் திருவனந்தபுரம் வந்தார். ரவிவர்மாவுக்குக் கற்றுத் தரும்படி மன்னர் கேட்டுக்கொண்டார். ஜென்சனும் மனமுவந்து கற்றுத் தரவில்லை. தாம் எழுதும்போது அருகில் நின்று பார்க்கலாம் என்ற அளவுக்கே இடம் கொடுத்தார். ஐயம் கேட்பதற்கில்லை. ரவிவர்மா நின்று பார்த்தார். வண்ணத் தட்டில் எந்த நிறம் எதன் பக்கத்தில் இருக்கிறது, தூரிகையில் எவ்வளவு எடுக்கிறார், எப்போது பின்னால் நகர்ந்து படத்தைப் பார்க்கிறார் என்பதையெல்லாம் கண்ணாலேயே எடுத்துக்கொண்டிருப்பார். பிறகு தம் அறைக்குப் போய்த் தாமே செய்து பார்ப்பார். சரியா தவறா என்று சொல்ல ஆள் இல்லை. படமே சொல்ல வேண்டும். மகாராஜாவையும் ராணியையும் அவரும் எழுதினார். அவை ஜென்சன் எழுதியவற்றினும் மேலானவை என்று அரண்மனையில் பேசிக்கொண்டார்களாம்.

1870-இல் ரவிவர்மா மூகாம்பிகை கோயிலுக்குச் சென்று விரதமிருந்து வழிபட்டார். அங்கிருந்து திரும்பும் வழியில் கோழிக்கோட்டில் கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோன் என்பவரின் குடும்பத்தைப் படமாக எழுதினார். பணம் பெற்றுக்கொண்டு அவர் எழுதிய முதல் படம் அதுவே என்பர். அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் கூலிக்குப் படம் எழுதுவதா என்று முணுமுணுக்கும் காலத்தில் அவர் அதற்குத் துணிந்தார்.

மூன்றாண்டுகள் கழித்து, 1873-இல், சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு ஒரு படத்தை அனுப்பினார். நாயர் பெண் ஒருத்தி கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் காட்சி. அதற்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியிலும் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டு சரபத் என்னும் இசைக்கருவியை வாசிக்கும் தமிழ்ப் பெண்ணை எழுதினார். 1875-இல் இங்கிலாந்து இளவரசர் நம் நாட்டிற்கு வந்தபோது மகாராஜா அப்படத்தை அவருக்குப் பரிசளித்தார். 1876-இல் தாமரை இலையில் மடல் எழுதும் சகுந்தலையைச் சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் விலைக்கு வாங்கினார். எந்தக் கலைப்பள்ளியிலும் பயிலாதவர், அங்கீகாரத்தைச் சென்னையிலிருந்தே பெற்றார் என்பதில் நமக்கும் சிறிது பெருமை உண்டு.

பின்வந்த பரோடா, மைசூர், உதய்ப்பூர் அரண்மனைகளின் கதையை விரிக்கின் பெருகும். பரோடாவுக்காக 14 புராணப் படங்கள் எழுத வேண்டியிருந்தபோது, தேவியர்க்கு எந்த உடை பொருந்தும் என்றறிய வட இந்தியா முழுதும் சுற்றினார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம். உடன் சென்றவர் தம்பி ராஜராஜ வர்மா. அவரும் ஓவியரே. அண்ணன் உருவங்களை எழுத, தம்பி பல படங்களுக்கு மலையும் மரமும் வானமும் எழுதுவார். சாத்திய கதவுக்கு வெளியே நின்று பயின்ற அண்ணனுக்குப் பிற்காலத்தில் பக்கத்திலேயே நின்று குறை சொல்ல ஒருவர் வாய்த்தார். தம்பி எழுதிய நாட்குறிப்பிலிருந்துதான் அவ்விருவரும் வேலை செய்த விதம் இன்று நமக்குத் தெரிகிறது.

கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ், ரவிவர்மாவின் படங்களை அச்சிட்டால் எல்லாருக்கும் கிடைக்குமே என்று யோசனை கூறினார். 1894-இல் பம்பாயில் அச்சகம் எழுந்தது. ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனிக் கல்லில் படத்தைப் பதித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை அது. ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள் வந்து நடத்தினார்கள். அச்சகம் அண்ணன் தம்பிக்கு நட்டத்தையே தந்தது. சில ஆண்டுகளில் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு அதை விற்றுவிட்டனர். ஆனால் படங்கள் நிற்கவில்லை. தாமரையில் நிற்கும் லட்சுமியும் வீணை ஏந்திய சரசுவதியும் வீடுதோறும் புகுந்தனர். எங்கள் திருவாமாத்தூரில் கோயில் தெரு வீடுகளின் பூசை மாடத்திலும், விழுப்புரம் கடைகளின் நாட்காட்டியிலும் இன்று பார்க்கும் லட்சுமி, அவர் எழுதிய லட்சுமியின் பேத்திதான் எனலாம். கிறிஸ்தவ வீடுகளில் மாட்டியிருந்த பழைய திருஇருதயப் படங்களிலும் பல, ஐரோப்பாவில் இதே கல்லச்சு முறையில் அச்சாகிக் கப்பலேறி வந்தவையே.

அவரைக் குறை கூறியவர்களும் உண்டு. சென்னைக் கலைப்பள்ளியில் முதல்வராக இருந்த ஹாவெலும், கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் அவர் ஐரோப்பிய முறையைப் பின்பற்றிவிட்டார் என்றும், தெய்வங்களை நாடக மேடையில் நிற்பவர்போல ஆக்கிவிட்டார் என்றும் எழுதினர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கோயிலுக்குள் நுழைய விடாமல் தடுக்கப்பட்ட மக்களின் குடிசைக்குள்ளும் சாமி படம் போய்ச் சேர்ந்தது அந்த அச்சினால்தான் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

1905-இல் தம்பி இறந்தார். அதன்பின் அண்ணனின் உடல்நிலையும் தளர்ந்தது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ரவிவர்மா காலமானார்.

ஒருவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ரவிவர்மாவுக்கு மங்களா பாய் என்றொரு தங்கை இருந்தார். அவரும் ஓவியர். அதே கிளிமானூர் வீட்டில், அதே சுவர்களுக்குள் வளர்ந்து, எண்ணெய் வண்ணத்தில் தேர்ந்தவர். பம்பாய்க்கும் பரோடாவுக்கும் அண்ணன்மார் புறப்பட்டபோது தங்கையும் உடன் போகும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. வீட்டில் இருந்தபடியே எழுதினார். அண்ணன் மறைந்த பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தார். தருமம் செய்தலைப் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய படம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடத்தின் தொகுப்பில் இருக்கிறது. அண்ணனைப் பற்றி அலமாரி நிறைய நூல்கள் உள்ளன. தங்கையின் படங்களில் வெளியே தெரிபவை விரல் விட்டு எண்ணத்தக்கவை.