ஊன்றுகோலும் உயர்கணிதமும்: சார்லஸ் எர்மிட்

உடற்குறை அறிவுக்குத் தடையாகுமா? இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது பிரெஞ்சுக் கணித மேதை சார்லஸ் எர்மிட்டின் வாழ்வு.

லொரேன் பகுதியின் டியூஸ் என்னும் ஊரில் 24.12.1822 அன்று எர்மிட் பிறந்தார். வலக்கால் ஊனமுற்றிருந்தமையால் ஊன்றுகோலின் துணையுடனேயே நடந்தார். பாரிஸில் அவருக்குக் கணிதம் கற்பித்தவர் ரிஷார் என்னும் ஆசிரியர். முடிவுறு களங்களை 1830இல் அறிமுகப்படுத்தி, 1832இல் தம் இருபதாம் வயதில் மாண்ட கால்வாவும் அவர்தம் மாணவரே. கால்வாவின் பள்ளித் தாள்களைப் பேணிக் காத்த ரிஷார், பின்னர் அவற்றை எர்மிட்டிடம் ஒப்படைத்தார்.

1842இல் எகோல் பாலிடெக்னிக்கில் எர்மிட் சேர்ந்தார். ஓராண்டு கழிந்ததும், கால் ஊனத்தைக் காரணம் காட்டி நிறுவனம் அவருக்குக் கதவடைத்தது. பெரியோர் சிலர் பரிந்துரைத்தபின் மீண்டும் இடம் கிடைத்தது. எனினும் கடும் நிபந்தனைகளை ஏற்க மனமின்றி அவர் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1848இல் அதே நிறுவனம் அவரைச் சேர்க்கைத் தேர்வாளராக அமர்த்தியது, 1869இல் பேராசிரியராக்கியது!

அவர்தம் பணிகளுள் ஒன்றை இங்கு நோக்குவோம். 0, 1, 2, 3, 4 ஆகிய ஐந்தெண்களை மட்டும் கொண்டு, 5ஆல் வகுத்த மீதியையே விடையாகக் கொள்வோம். இவற்றின் கனங்கள் 0, 1, 3, 2, 4. ஒவ்வோர் எண்ணும் ஒருமுறையே வருகிறது. வர்க்கங்களோ 0, 1, 4, 4, 1. இங்கு 2, 3 விடுபடுகின்றன. முன்னதே வரிசைமாற்றப் பல்லுறுப்புக்கோவை.

எண்களை ஒவ்வொன்றாய் இட்டுப் பாராமல் இதனை அறிய, 1863இல் எர்மிட் ஒரு சோதனையை வகுத்தார். கோவை ஓரெண்ணுக்கு மட்டுமே சுழியாக வேண்டும். கோவையையும் அதன் இரண்டாம், மூன்றாம் அடுக்குகளையும் விரித்து, மாறியின் ஐந்தாம் அடுக்கு வருமிடமெல்லாம் மாறியையே இட்டுச் சுருக்கினால், நான்காம் அடுக்கு எஞ்சலாகாது. வர்க்கத்தை மீண்டும் வர்க்கித்தால் நான்காம் அடுக்கு தோன்றுகிறது. ஆதலின் அது தோற்கிறது. கனம் வெல்கிறது.

ஐந்துக்கு நாம் கூறிய இம்முறை எல்லாப் பகா எண்களுக்கும் தக்கவாறு பொருந்தும். இச்சோதனை கோவையின் கெழுக்களுக்கு நிபந்தனைகளைத் தருவதால், புதிய கோவைகளை ஆக்கவும் வழி பிறந்தது. அமெரிக்க அறிஞர் டிக்சன் 1897இல் இதனை எல்லா முடிவுறு களங்களுக்கும் விரித்து, ஐந்தாம் படி வரையிலான கோவைகளைப் பட்டியலிட்டார். 2001இல் தரப்படுத்தப்பட்ட ஏ.இ.எஸ். என்னும் கணினி மறைகுறியாக்க முறையும் 256 உறுப்புகளுடைய களத்தின் வரிசைமாற்றத்தைப் பயன்கொள்கிறது. ஒவ்வோர் உறுப்பும் ஒருமுறையே வருவதனாலன்றோ மறைத்த செய்தியை மீண்டும் படிக்க இயல்கிறது!

எர்மிட் 14.1.1901 அன்று மறைந்தார். காலைக் கண்டு கதவடைத்தவர்களே பின்னர் அவர்தம் அறிவைக் கண்டு அழைத்தனர். ஆற்றலை உடலால் அளத்தல் தகாது என்பதை நாமும் நெஞ்சிற் கொள்வோமாக.