இதய ஒலி கேட்ட மேதை லென்னெக்

நம் திண்டுக்கல்லில் எந்த மருத்துவரைக் காணச் சென்றாலும் ஸ்டெதாஸ்கோப்பைக் காண்கிறோம். அதனை உலகிற்கு ஈந்தவர் ரெனே லென்னெக் ஆவார்.

இவர் பிரான்சு நாட்டின் பிரிட்டனி பகுதியில் 1781-ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்து, தந்தையின் சகோதரரான மருத்துவரிடம் வளர்ந்தார். கத்தோலிக்க விசுவாசத்தில் உறுதியாய் நின்றார்.

பாரிசில் 1816-ல் இதய நோயுற்ற இளம்பெண் ஒருத்தி இவரிடம் வந்தாள். அவள் மார்பில் காதை வைத்துக் கேட்பது முறையன்று எனத் தயங்கினார். மரத்தின் ஒரு முனையை ஊசியால் கீறினால் மறுமுனையில் நன்கு கேட்கும் என்பது நினைவுக்கு வந்தது. உடனே காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். இதயத் துடிப்பு முன்னிலும் தெளிவாகக் கேட்டது! பின்பு மரத்தில் குழல் செய்தார்.

நெக்கர் மருத்துவமனையில் தாம் கேட்ட ஒலிகளைக் குறித்துக்கொண்டார். நோயாளி இறந்தபின் உடலைச் சோதித்து ஒப்பிட்டார். 1819-ல் நூல் வெளியிட்டார். பிறர் மார்பில் காசநோயைக் கண்டறிந்த அவரையும் அந்நோயே பற்றியது. உறவினர் மெரியாதெக் அதே குழலால் அவர் மார்பைச் சோதித்தார். 1826-ல், 45-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

இதயத்திற்கு இரத்தம் ஊட்டும் குழாய் சுருங்கினால், இரத்தம் சுழித்தோடி மெல்லிய ஒலி எழும். சாதாரணமாக நம் செவிக்கு எட்டாத அவ்வொலியை, இன்று நுண்ணிய ஒலிவாங்கியும் கணினியும் ஆராய்கின்றன. உடலைக் கீறாமலே அடைப்பு இருக்கக்கூடுமா என அறிய இது உதவுகிறது. ஒரு பெண்ணின் நாணத்தை மதித்த உள்ளத்தில் பிறந்த கலை இவ்வாறு வளர்கிறது. நாமும் பிறர் துன்பத்தைப் பொறுமையுடன் கேட்கப் பழகுவோமாக!