பள்ளிப் பலகைகளில் ஓர் இத்தாலியப் பெயர்: யார் இந்த மரியா மாண்டிசோரி? சென்னையில் சிக்கிக்கொண்டது எப்படி?

ஜூன் மாதம். குற்றாலத்தில் சாரல் ஆரம்பிக்கும் நேரம், பள்ளிகளும் திறக்கும் நேரம். இலஞ்சி, தென்காசி சுற்றுவட்டாரத்தில் பள்ளிப் பலகைகளைப் பார்த்தால் ஒரு பெயர் அடிக்கடி கண்ணில் படும்: மாண்டிசோரி. பிள்ளையை எல்கேஜி சேர்க்கப் போகும் பெற்றோரில் பலர், அது ஏதோ ஒரு பாடத்திட்டத்தின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு பெண்ணின் பெயர். இத்தாலியில் பிறந்து, இரண்டாம் உலகப்போர் காலத்தில் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்த ஒரு டாக்டரின் பெயர்.

யார் அவர்? சின்னப் பிள்ளைகளைப் பற்றி அவர் கண்டுபிடித்தது என்ன? விரிவாகப் பார்ப்போம்.

டீச்சர் அல்ல, டாக்டர்

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவாலே என்ற ஊரில் பிறந்தார். அப்பா அரசு ஊழியர். பெண் பிள்ளை படித்தால் டீச்சர் வேலைக்குப் போகலாம் என்பதுதான் அன்றைய நிலைமை. மரியாவோ முதலில் இன்ஜினியரிங் பக்கம் போக நினைத்தார், பிறகு மருத்துவம் என்று முடிவெடுத்தார். அப்பாவுக்கு அதில் விருப்பம் இல்லை. அம்மா பக்கபலமாக நின்றார்.

மருத்துவக் கல்லூரியிலும் சிக்கல்தான். ஆண் மாணவர்களோடு சேர்ந்து நின்று ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிப்பது ஒழுங்கில்லை என்றார்கள். அதனால் எல்லோரும் போன பிறகு, தனியாக அந்த அறையில் நின்று படித்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் அவரும் ஒருவர்.

ரொட்டித் துண்டு சொன்ன சேதி

பட்டம் வாங்கிய பிறகு மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அந்தக் காலத்தில் அறிவுத்திறன் குறைபாடு உள்ள குழந்தைகளையும் பெரியவர்களோடு சேர்த்தே காப்பகத்தில் அடைத்து வைப்பார்கள். ஒரு காப்பகத்தில் குழந்தைகள் சாப்பிட்டு முடித்ததும் தரையில் கிடக்கும் ரொட்டித் துண்டுகளைப் பொறுக்கினார்களாம். அங்கே வேலை பார்த்த பெண் அதைப் பேராசை என்று திட்டியதாகச் சொல்வார்கள். மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர். தொட ஒன்றுமில்லை, விளையாட ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குப் பசி வயிற்றில் அல்ல, கையில் என்று அவருக்குப் புரிந்தது.

இட்டார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் ஆய்வுகளைத் தேடிப் படித்து, கையால் தொட்டுப் பழகும் பொருள்களைச் செய்து கொடுத்தார். அவரிடம் பயின்ற குழந்தைகளில் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்விலேயே தேறினார்கள். ஊரே பாராட்டியது. மாண்டிசோரிக்கு வேறு கேள்வி வந்தது. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு செய்ய முடிகிறது என்றால், நல்லா இருக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் இவ்வளவு கீழே ஏன் வைத்திருக்கின்றன?

சான் லொரென்சோவில் நடந்தது என்ன?

1907 ஜனவரி 6. ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போய்விடுவார்கள். சின்னப் பிள்ளைகள் மாடிப்படியில் ஓடி, சுவரில் கிறுக்கிக்கொண்டிருப்பார்கள். கட்டடத்தைப் பராமரித்தவர்கள், இந்தப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். அங்கேதான் முதல் குழந்தைகள் இல்லம் தொடங்கியது. சுமார் 50 பிள்ளைகள். பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு ஆசிரியர் பயிற்சி கிடையாது.

மாண்டிசோரி அங்கே பாடம் நடத்தவில்லை, உட்கார்ந்து கவனித்தார். மூன்று வயதுக் குழந்தை ஒன்று, மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தது. சுற்றி மற்றப் பிள்ளைகளைப் பாட வைத்துப் பார்த்தார். அந்தக் குழந்தை நிமிரவே இல்லை. 40 தடவைக்கு மேல் அதே வேலை. முடித்ததும் களைப்பே இல்லாமல் சிரித்த முகத்தோடு எழுந்தது. சின்னப் பிள்ளைக்குக் கவனம் நிற்காது என்று எல்லோரும் சொல்வது அந்த இடத்தில் பொய்யானது.

இன்னொரு நாள் பொருள்கள் இருக்கும் அலமாரி பூட்டாமல் கிடந்தது. பிள்ளைகள் அவரவருக்கு வேண்டியதை எடுத்து வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். திருட்டு என்று மாண்டிசோரி நினைக்கவில்லை. பிள்ளைக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிகிறது என்று எடுத்துக்கொண்டார். பூட்டிய அலமாரி போய், கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரி வந்தது.

கை முதலில், பென்சில் பிறகு

எழுத்துக்கும் இதே வழிதான். உப்புக் காகிதத்தில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளை விரலால் தடவும், கூடவே அதன் ஒலியைச் சொல்லும். நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதியதும், விஜயதசமி அன்று அரிசியில் விரல் பிடித்து எழுத வைப்பதும் இதே வகைதான். சான் லொரென்சோவில் சில மாதங்களில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே எழுத ஆரம்பித்தார்கள்.

கணக்கும் அப்படியே. ஒரு மணி ஒன்று, பத்து மணி கோத்த கம்பி பத்து, அப்படிப் பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு, பத்துச் சதுரம் அடுக்கினால் ஆயிரம். ஆயிரம் எவ்வளவு கனம் என்று பிள்ளையின் கைக்குத் தெரியும். தப்பு செய்தால் அதைப் பொருளே காட்டிக் கொடுக்கும். உருளை தவறான குழியில் போகாது. அப்போ டீச்சர் அதட்ட வேண்டிய தேவையும் இல்லை.

சொந்தப் பிள்ளை எங்கே?

உலகத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிய மாண்டிசோரியின் சொந்த வாழ்க்கையில் ஒரு பெரிய வலி உண்டு. உடன் பணியாற்றிய மருத்துவர் மோன்டெசானோவுடன் ஏற்பட்ட உறவில் 1898-ல் மகன் மரியோ பிறந்தான். கல்யாணம் ஆகவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் டாக்டர் வேலையும் பேரும் போய்விடும் என்ற காலம். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார். மோன்டெசானோ வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். மரியோ பதின்பருவத்தில்தான் அம்மாவிடம் வந்து சேர்ந்தார். அதன் பிறகும் ஊருக்கு முன்னால் அவர் உறவுக்காரப் பையன்தான், மகன் இல்லை.

விமர்சனமும் உண்டு. 1920-களில் முசோலினி அரசு தந்த ஆதரவை மாண்டிசோரி ஏற்றுக்கொண்டார். பள்ளிகளைப் பாசிசப் பிரசாரத்துக்கு வளைக்கப் பார்த்தபோது உறவு முறிந்தது. 1930-களில் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் இருந்தவரை உள்நாட்டுப் போர் துரத்தியது. நெதர்லாந்துக்குப் போனார்.

அடையாறு: சில மாதப் பயணம், பல வருட வாசம்

1939-ல் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அவரைச் சென்னைக்கு அழைத்தார்கள். நவம்பரில் மரியோவோடு வந்தார். அடையாற்றில் கீற்றுக் கொட்டகைகளில் பயிற்சி நடந்தது. சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்பதுதான் திட்டம்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் இத்தாலியர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வயதான மாண்டிசோரி அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு.

அந்த ஆகஸ்ட் 31, அவருக்கு 70-வது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புகிறோம் என்பது அதன் சாரம். 42 வருடமாக ஊருக்கு மறைத்து வைத்த உறவை ஓர் அரசாங்கத் தந்தி மகன் என்றே எழுதிவிட்டது. அதன் பிறகு மறைக்க ஒன்றுமில்லை.

பிறகு இரண்டு வருடங்கள் கொடைக்கானல். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சின்னப் பள்ளி நடந்தது. செடி, பூச்சி, குளம், மலை எல்லாமே பாடம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான அவருடைய யோசனைகள் இங்கேதான் முழு வடிவம் பெற்றன. ஆறு வயது வரை பிள்ளை சுற்றியிருப்பதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும், ஆறுக்கு மேல் ஏன், எப்படி என்று கேட்க ஆரம்பிக்கும், அதனால் இருவருக்கும் ஒரே மாதிரி வகுப்பு சரிப்படாது என்பது அவர் கணிப்பு. சென்னை, அகமதாபாத், கராச்சி, இலங்கை என்று பயிற்சிகள் தொடர்ந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றார்கள்.

வால்டார்ஃப் முறையும் இதுவும் ஒன்றா?

இல்லை. வால்டார்ஃப் முறையைத் தொடங்கியவர் ருடால்ஃப் ஸ்டெய்னர். 1919-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக அந்தப் பள்ளி ஆரம்பித்தது. ஸ்டெய்னரும் ஒரு காலத்தில் பிரம்மஞான சபையின் ஜெர்மன் பிரிவை நடத்தியவர், பிறகு கருத்து மாறிப் பிரிந்துபோனவர்.

ஸ்டெய்னர் வழியில் ஏழு வயது வரை முறையான எழுத்துப் பாடம் கிடையாது. கதை, பாட்டு, கற்பனை விளையாட்டுதான். ஒன்றாம் வகுப்பில் ஏறும் டீச்சரே பல வருடம் கூட வருவார். மாண்டிசோரி வழியில் பிள்ளை தயாராக இருந்தால் நாலு வயதிலேயே எழுத்தைத் தொடலாம். பொம்மை அடுப்பைவிட நிஜமான வேலைக்கு மதிப்பு அதிகம். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்று: முதலில் பிள்ளையைப் பார், பாடத்தைப் பிறகு பார்.

இலஞ்சிப் பிள்ளைக்கு இதில் என்ன?

மாண்டிசோரி 1949-ல் இந்தியாவை விட்டுப் போனார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார். அவர் முறை பணக்காரப் பள்ளிகளோடு நின்றுவிடவில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு தமிழகம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் தரையில் குழுவாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் படி ஏறினார்கள். அதற்கு நேரடி மாதிரி ரிஷிவேலி பள்ளி. ஆனாலும் உள்ளே ஓடும் எண்ணம் சான் லொரென்சோவில் பார்த்த அதே எண்ணம்தான்.

ஒன்றைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். மாண்டிசோரி என்ற பெயருக்குத் தனி உரிமையாளர் கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதலாம். அதனால் பெயரைப் பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன், வகுப்பறைக்குள் ஒரு நடை போய்ப் பார்ப்பது நல்லது.

அலமாரி பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா, பூட்டியிருக்கிறதா? மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து இருக்கிறார்களா? ஒரு பிள்ளை எடுத்த வேலையை முடிக்கும்வரை விடுகிறார்களா, அரை மணிக்கு ஒரு தடவை மணி அடிக்கிறார்களா? மூன்று வயதுக்கு ரேங்க்கும் ஹோம்வொர்க்கும் உண்டா? டீச்சர் இந்த முறையில் பயிற்சி பெற்றவரா?

இந்தக் கேள்விகளைக் கேட்க ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, பெரிய படிப்பும் வேண்டியதில்லை. ஓர் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்தாலே போதும். மாண்டிசோரி ஆரம்பித்ததும் அப்படித்தான்.